ரிப்பன் வெட்டும்வரை ஓட்டம் முடியாது

வின்டர்போர்ன் கல்லூரியில் நான்கு பேர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே விளையாட்டுத்துறை பலவீனமாக இருந்ததாகச் சொன்னார்கள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அது பலம் பெற்றது. அந்த ஆண்டு முடியும்போது ஓடியவன் நான் ஒருவன் மட்டும்.

கல்லூரி சிட்னியின் மேற்குப் பக்கம். செவன் ஹில்ஸில் ரயிலை விட்டிறங்கி பஸ் எடுக்கவேண்டும். முன்னூறு மாணவர்கள். தத்துவம், வரலாறு, இலக்கியம், பழைய கிரேக்கம் எல்லாம் படிப்பிப்பார்கள். படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. முழு மனிதனை உருவாக்குகிறோம் என்பார்கள். முழு மனிதனுக்கு உடம்பும் இருப்பதால் ஒரு மைதானமும் வைத்திருந்தார்கள். புல்லில் வெள்ளைக் கோடு போட்ட ஓடுபாதை. மழை பெய்தால் கோடு போய்விடும்.

நான் இலங்கையில் இருந்து படகில் வந்தவன். பெயர் நிரோஜன். தடுப்பு முகாமில் இருந்து வெளியே விட்டபோது தற்காலிக விசா ஒன்று தந்தார்கள். அதில் வேலை செய்யலாம். படிப்பதானால் வெளிநாட்டு மாணவன் கட்டும் முழுக் கட்டணத்தையும் கட்டவேண்டும். இரவு வேலைக்குப் போன ரொட்டித் தொழிற்சாலையை எனக்கே எழுதித் தந்தாலும் அதைக் கட்டமுடியாது. ஹோம்புஷ் பூங்காவில் நான் ஓடுவதைக் கண்ட ட்ரெவர் என்ற பயிற்சியாளர் என்னைக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். விளையாட்டு உதவித்தொகை கிடைத்தது. கட்டணம் முழுவதும் தள்ளுபடி. நிபந்தனை ஒன்றுதான். ஆண்டு முடிவதற்குள், அதிகாரபூர்வமான போட்டி ஒன்றில், எண்ணூறு மீட்டரை இரண்டு நிமிடத்துக்குள் ஓடவேண்டும். ஓடினால் படிப்புத் தொடரும். ஓடாவிட்டால் ரொட்டி.

வரலாறு எடுத்தேன். முகாமில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவனுக்கு, ஒருவர் மெனக்கெட்டு முன்னால் வந்து நின்று ரோமாபுரி ஏன் விழுந்தது என்று விளக்குவது பெரிய விசயம். வகுப்பில் நான் நித்திரை கொண்டதில்லை. இரவு முழுக்க வேலை செய்துவிட்டு வந்து அப்படி இருந்தேன் என்றால் எனக்கு அது எவ்வளவு தேவைப்பட்டது என்று விளங்கும்.

இனி நன்கொடையாளர்கள்.

டொக்டர் இரத்தினசிங்கம் பல் வைத்தியர். அவருடைய மகள் வின்டர்போர்னில் படித்துவிட்டுப் போய்விட்டாள். நன்றிக்கடனாக ஏதாவது செய்ய விரும்பி அவர் கல்லூரிக்கு வந்தார். ஓடுபாதைக்குப் புதிதாகக் கோடு போடவேண்டும் என்று அதிபர் பெம்புரூக் சொன்னார். உடனே காசோலை எழுதிய டொக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பெயர் எங்கே வரும்?

அலுவலக வாசலில் சின்னதாக ஒரு பித்தளைத் தகடு வைக்கலாம் என்றார் அதிபர். டொக்டர் சிரித்துவிட்டார். எங்கள் ஊர்களில் கோயிலுக்கு ரியூப்லைட் வாங்கிக் கொடுத்தால் ‘உபயம்’ என்று போட்டு, கொடுத்தவரின் பெயரை அந்த ரியூப்லைட்டிலேயே எழுதுவார்கள் என்று விளக்கினார். பெம்புரூக் பழைய கிரேக்கத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். நீண்டநேரம் யோசித்துவிட்டு, அப்படி எழுதினால் வெளிச்சம் வருமா என்று கேட்டார்.

“வரும்,” என்றார் டொக்டர். “பெயருக்குப் பின்னாலயிருந்து வரும்.”

அன்று அதிபருடைய மண்டைக்குள் ஏதோ ஒன்று திறந்துகொண்டது. அதற்குப் பிறகு அதை யாராலும் மூடமுடியவில்லை.

அடுத்த மாதமே மேம்பாட்டு அலுவலகம் என்று ஒன்று தொடங்கினார்கள். அதற்குப் பொறுப்பாக மிருணாளினி வந்தா. சிட்னியில் பிறந்தவ, தாய் தகப்பன் யாழ்ப்பாணம். என்னைவிட நான்கைந்து வயது கூட. நான் அக்கா என்று கூப்பிடுவேன். தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பா. கெட்டவ என்று சொல்லமாட்டேன். மைதானத்தைச் சுற்றி நடந்து எதில் எல்லாம் பெயர் எழுதலாம் என்று பார்ப்பது அவவுடைய வேலை. அதை ஒழுங்காகச் செய்தா.

முதலில் தடைதாண்டும் ஓட்டத்தின் தடைகளில் எழுதினார்கள். குறுக்குக் கட்டை வெள்ளையாக, எழுதுவதற்கென்றே செய்துவைத்தது போல் இருந்தது. முதலாவது தடையை டொக்டர் தன்னுடைய தாயாரின் ஞாபகார்த்தமாக எடுத்தார். திறப்புவிழா அன்று எங்கள் தடைதாண்டும் பையன்களில் ஒருவன், பாவம், முதலாவது தடையிலேயே காலை அடித்துவிட்டான். கட்டை விழுந்தது. டொக்டர் கோபப்படவில்லை. கதிரையில் இருந்தபடியே கண்ணைத் துடைத்தார். தாயாரில் கால் பட்டுவிட்டது. அந்தப் பையனுக்கு அது என்ன என்று விளங்கவில்லை. தடைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று திருப்பித் திருப்பிச் சொன்னான்.

அதிபருக்கு விளங்கிவிட்டது. வேற்றுக் கலாசாரத்தின் நுண்ணுணர்வுகள் பற்றி அன்று மாலையே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். தடைகள் எல்லாவற்றையும் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். தடை ஓடிய இருவரில் ஒருவன் செஸ் கழகத்துக்குப் போனான். மற்றவன் போன இடம் தெரியாது. ஆண்டறிக்கையில், தடைதாண்டும் துறையின் உபகரணங்கள் முன்னெப்போதும் இல்லாத பாதுகாப்பில் இருப்பதாக எழுதினார்கள்.

பிறகு ஓடுபாதை. ஒவ்வொரு லேனையும் ஒவ்வொரு குடும்பம் எடுத்தது. தொடங்கும் இடத்தில், புல்லில், பெரிய எழுத்தில் பெயர். முதலாவது லேன் டொக்டரின் காலஞ்சென்ற தகப்பனார். நான் ஒருநாள் ஆணிச் சப்பாத்தோடு பயிற்சிக்கு இறங்க, டொக்டரின் மனைவி நாகேஸ்வரி அன்ரி மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தா. என்னுடைய காலைப் பார்த்தா.

“தம்பி,” என்றா மெதுவாக, “சப்பாத்தோடயோ மாமாவுக்கு மேல ஏறப்போறீர்?”

நான் கழற்றிவிட்டேன். வேறு என்ன செய்வது? அவ கேட்ட விதத்தில் நக்கல் இல்லை. உண்மையாகவே மாமாவுக்கு மேல் என்றுதான் அவ நினைத்தா.

ஒரு கிழமைக்குள் அது விதியாகிவிட்டது. ஓடுபாதையில் சப்பாத்துக்கு அனுமதி இல்லை. வாசலில் சப்பாத்து வைக்கத் தட்டு ஒன்று வந்தது. அந்தத் தட்டும் உபயம். நான்காவது ஓட்டக்காரனான ஹமிஷ் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என்னுடைய வெறுங்காலைப் பார்த்தான், வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். நான் எங்கே போவது? கட்டணத்தைத் தள்ளுபடி செய்த ஒரே இடம் இதுதான். வசந்தத்தில் சிட்னிப் புல்லுக்குள் பின்டி என்று ஒரு சின்ன முள் வரும். அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடப் பழகினேன்.

எங்கள் ஹோம்புஷ் பிளாட்டில் என்னோடு இருந்த பிரஷாந்தனுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. நான் காலில் முள்ளெடுத்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து இருப்பான்.

“மச்சான், ஓடிமுடிய அர்ச்சனை செய்வினமோ, இல்லாட்டி நீ தானா விழுந்து கும்பிடவேணுமோ?”

அடுத்ததாக ட்ரெவர். அவருடைய சம்பளத்துக்கு ஒரு நன்கொடையாளரைத் தேடினார்கள். ஒருவரும் அகப்படவில்லை. பயிற்சியாளரில் பெயரை எங்கே எழுதுவது என்று எல்லோரும் கேட்டார்கள். ரீசேட்டின் முதுகில் எழுதலாம் என்றபோது இரண்டு குடும்பங்கள் முன்வந்தன. முன்பக்கம் யாருக்கு என்பதில் பிரச்சினை வந்து இரண்டும் விலகிக்கொண்டன. ட்ரெவரை வாகனத் தரிப்பிடத்துக்கு மாற்றினார்கள். நன்கொடையாளர்களின் கார்களைப் பின்னுக்கு எடுக்க உதவுவார். கையைக் காட்டும்போது ஓட்டப்போட்டி தொடக்கிவைப்பது போலவே இருக்கும்.

யூலையில் நன்கொடையாளர் இராப்போசனம். பெம்புரூக் பேசினார். அந்தப் பேச்சை நான் இன்னும் மறக்கவில்லை. “நெடுங்காலமாக நமது விளையாட்டுத்துறை விளையாட்டு வீரர்களையே நம்பி இருந்தது,” என்றார். “அது மிகவும் பலவீனமான அத்திவாரம். வீரர்களுக்குக் கால் சுளுக்கும். அவர்கள் படித்து முடித்துப் போய்விடுவார்கள். சிலசமயம் தோற்றும்போவார்கள். நன்கொடையாளர் தோற்பதில்லை.” எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என்னுடைய கதிரையின் முதுகில் யாரோ ஒருவருடைய பெயர் இருந்தது, சாயாமல் இருந்து சாப்பிட்டேன்.

அதற்கு முதல்நாள் அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். இராப்போசனத்தில் நானும் இரண்டு நிமிடம் பேசவேண்டும். என்னுடைய கதையைச் சொல்லவேண்டும். மிருணாளினி அக்காவும் குறிப்பெடுக்க இருந்தா. போர்க்காலத்தில் நான் ஓடியதைப் பற்றி அறிய விரும்புவதாக அதிபர் சொன்னார். ஓடித்தானே உயிர் தப்பியிருப்பாய் என்றார்.

இல்லை என்றேன். நான் பங்கருக்குள் குப்புறப் படுத்திருந்தேன். ஓடினவர்களுக்குத்தான் செல் குண்டு பட்டது. என்னுடைய அண்ணா ஓடினவன்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிகவும் உருக்கமான விசயம் என்றார். உண்மையாகவே உருகினார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இது ஓட்டத்துக்கான நிதி திரட்டும் நிகழ்ச்சி என்பதால் படுத்திருந்ததைச் சொன்னால் செய்தி குழம்பிவிடும் என்றார். அண்ணா ஓடியதை நான் ஓடியதாகச் சொல்லலாமா?

“முடிவை மட்டும் மாத்தினா போதும், நிரோஜன்,” என்றா மிருணாளினி அக்கா. “தட்ஸ் ஓல்.”

நான் சொல்லவில்லை. மேடையில் ஏறி நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். தன்னடக்கம் என்று பாராட்டினார்கள். அதற்குப் பெரிதாகக் காசு சேர்ந்ததாகக் கேள்வி.

இப்படியாக நவம்பர் வந்தது. கல்லூரி விளையாட்டுவிழா. வேறு கல்லூரிகளில் இருந்து மூன்று பையன்கள் எண்ணூறு மீட்டருக்கு வந்தார்கள். கல்லூரிகளுக்கிடையிலான சங்கம் நேரம் பிடிப்பதற்கு இரண்டு பேரை அனுப்பியது. எனக்கு அந்த ஆண்டில் இருந்த ஒரே அதிகாரபூர்வமான போட்டி அது. மற்றப் போட்டிகளுக்குப் போவதற்குரிய பஸ்காசு பெயர்ப்பலகைகளுக்குப் போயிருந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முதல் மிருணாளினி அக்கா என்னைக் கூப்பிட்டு நிகழ்ச்சி ஒழுங்கை விளக்கினா. முடிவுக் கோட்டில் சிவப்பு ரிப்பன் கட்டப்படும். அதை டொக்டரும் நாகேஸ்வரி அன்ரியும் வெட்டித் திறந்துவைப்பார்கள். முதலாவதாக வருகிறவர் ரிப்பனுக்கு ஒரு அடி முன்னால் நிற்கவேண்டும். அவர்கள் வெட்டியபிறகு உள்ளே போகலாம்.

எதைத் திறந்துவைக்கிறார்கள் என்று கேட்டேன்.

“முடிவுக் கோட்டை.”

அப்படியானால் என்னுடைய நேரம் என்ன ஆகும் என்று கேட்டேன். நான் இரண்டு நிமிடத்துக்குள் வரவேண்டும், அது அவவுக்குத் தெரியும். நேரத்தைத் தாங்கள் நிறுத்த ஏலாது, ஆனால் அன்ரி கெதியாக வெட்டுவா, ஒத்திகை பார்த்தாச்சு என்றா. ஓடி வந்த வேகத்தில் ரிப்பனை நான் அறுத்துவிட்டால்? அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தா. அந்த ரிப்பன் அன்ரியின் தங்கச்சி மெல்பேர்னில் இருந்து எடுத்துவந்தது. அவவும் வருகிறா. டொக்டருக்கு மனவருத்தம் வந்தால் உதவித்தொகையே இல்லை, இப்போது அது அவருடைய நிதியில் இருந்துதான் வருகிறது என்றா.

பிளாட்டுக்கு வந்து பிரஷாந்தனிடம் சொன்னேன். நின்றால் நேரம் போய்விடும். அறுத்தால் டொக்டர் போய்விடுவார். அவன் முதல்தடவையாகச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“குனிஞ்சு போடா,” என்றான்.

விழாவன்று மங்களவிளக்கு ஏற்றினார்கள். மௌன அஞ்சலி. பொன்னாடைகள். டொக்டருக்குப் பெம்புரூக்கும், பெம்புரூக்குக்கு டொக்டரும் போர்த்தினார்கள். அந்த வெயிலில் இருவரும் அதைக் கழற்றவில்லை. மற்றக் கல்லூரிப் பையன்கள் மூன்று பேரும் உடம்பைச் சூடாக்கினார்கள், பேச்சுகள் முடியவில்லை, உடம்பு ஆறியது, திரும்பவும் சூடாக்கினார்கள். அவர்களுடைய சப்பாத்துகளை வாங்கித் தட்டில் வைத்தார்கள். நல்ல வளர்ப்புப் பிள்ளைகள். ஒன்றும் கேட்கவில்லை.

துவக்கு வெடித்தது. முதல் சுற்றில் நான் மூன்றாவது. முள் இரண்டு ஏறியது தெரியும், நோவு தெரியவில்லை. இரண்டாவது சுற்றின் வளைவில் முன்னுக்கு வந்தேன். கடைசி நேர்ப்பாதையில் திரும்பியதும் ரிப்பன் தெரிந்தது. நான் நினைத்ததைவிட அகலம். ஒரு பக்கத்தில் அன்ரி வெள்ளித் தட்டோடு. நடுவில் டொக்டர் தங்கநிறக் கத்தரிக்கோலோடு. படம் பிடிக்கிறவர் என்னுடைய லேனுக்குள் முழங்காலில் நின்றார். டொக்டர் வெட்டிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கத்தரிக்கோல் அலங்காரத்துக்குச் செய்தது. பட்டு மடிந்து மடிந்து இரண்டு அலகுக்கும் இடையில் போய் நின்றது. அவர் கமராவைப் பார்த்துச் சிரித்தபடி திரும்பத் திரும்ப அமத்தினார்.

படம் பிடிக்கிறவரைச் சுற்றிப் போய்க் குனிந்தேன். ரிப்பன் என் முதுகைத் தடவிக்கொண்டு போனது. அறவில்லை. கோட்டைத் தாண்டி விழுந்து கிடந்தேன். சங்கத்து ஆள் மணிக்கூட்டைக் காட்டினார். ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு.

திரும்பிப் பார்த்தேன். மற்ற மூன்று பேரும் ரிப்பனுக்கு ஒரு அடி முன்னால், சொல்லிக்கொடுத்தபடியே, வரிசையாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கேக் வெட்டும் கத்தி கொண்டுவரும்வரை நின்றார்கள். ரிப்பன் அறுந்ததும் பெரிய கைதட்டல். மூவரும் நடந்து உள்ளே வந்தார்கள். முதலாவதாக வந்தவனுக்கு அன்ரி சந்தனம் வைத்துவிட்டா.

எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை. இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டேன். புல்லில் கிடந்தபடி அடுத்த ஆண்டு எந்தப் பாடம் எடுப்பது என்று யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை விழாக்குழு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டது. குழுவில் ஐந்து பேர். நான்கு பேர் நன்கொடையாளர்கள், ஐந்தாவது அதிபர். யாரும் சத்தம் போடவில்லை. தேத்தண்ணி தந்தார்கள்.

பெம்புரூக் சொன்னார், எந்தச் செயலுக்கும் ஆரம்பம், நடு, முடிவு என்று மூன்று உண்டு என்று கிரேக்கர்கள் அறிந்திருந்தார்கள். இந்த ஓட்டத்தின் முடிவு அன்று திறந்துவைக்கப்பட இருந்தது. ரிப்பன் வெட்டப்பட்டபோது அது திறக்கப்பட்டது. நீ அதற்கு முன்பே போய்விட்டாய். அப்போது அங்கே முடிவு என்று ஒன்று இருக்கவில்லை. ஆகவே, நீ ஓட்டத்தை இடைநடுவில் விட்டுப் போனதாகவே கருதவேண்டி இருக்கிறது.

சங்கத்து ஆட்கள் நேரம் எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

“நீ கோட்டுக்கு வந்த நேரத்தை அவர்கள் சரியாகவே அளந்தார்கள்,” என்றார். “அதை யாரும் மறுக்கவில்லை. கோடு எப்போது வந்தது என்பதுதான் நமது கேள்வி.”

டொக்டர் என்னைக் கனிவோடு பார்த்தார். எனக்காகப் பேசவே அவர் வந்திருந்தார். “தம்பி நல்ல பிள்ளை,” என்றார் மற்றவர்களிடம். “பழக்கவழக்கம் எல்லாம் நல்லம். என்ன, ஓடேக்க கொஞ்சம் அவசரப்பட்டிட்டார்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். முடிவைப் பிறகு அறிவிப்பதாகச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மிருணாளினி அக்கா போன் எடுத்தா. நித்திரையில் இருந்து எழும்பிக் கதைத்தேன். ஆண்டறிக்கையின் அட்டைக்குப் படம் இல்லை. விழாவில் எடுத்த படங்களில் எல்லாம் வேறு கல்லூரிப் பையன்தான் ரிப்பனுக்கு முன்னால் நிற்கிறான். எங்கள் கல்லூரி ஆள் வேண்டும். இப்போதே வரமுடியுமா? டொக்டரும் அன்ரியும் வருகிறார்கள். நான் வந்தால் நல்லது, அதிபர் எல்லாவற்றையும் மனதில் வைத்திருப்பார் என்றா.

போனேன். கழுவி மினுக்கிய உடுப்புப் போட்டுக்கொண்டு போனேன்.

புது ரிப்பன் கட்டியிருந்தது. இந்தமுறை நல்ல கத்தரிக்கோல். கடைசிப் பத்து மீட்டரை ஓடிவரச் சொன்னார்கள். ஓடினேன். படத்தில் கலங்கிப் போயிருக்கிறது, கொஞ்சம் மெதுவாக வா என்றார் படம் பிடிக்கிறவர். மெதுவாக ஓடினேன். இன்னும் மெதுவாக. நடந்து வா என்றார். நடந்தால் அன்ரி கண்ணை மூடிவிட்டா. கடைசியில் ரிப்பனுக்கு முன்னால் ஒரு காலைப் பின்னுக்குத் தூக்கி, இரண்டு கையையும் மடித்து, அசையாமல் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். கால் நடுங்கியபோது ட்ரெவர் வந்து படத்தில் விழாதபடி குனிந்திருந்து என்னுடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“சிரியும் தம்பி,” என்றா அன்ரி.

சிரித்தேன். வெட்டினார்கள். பெம்புரூக் மிகவும் சந்தோசப்பட்டார். நமது கல்லூரி வரலாற்றிலேயே இதுதான் மிகச் சிறந்த ஓட்டம் என்றார்.

எல்லோரும் காருக்குப் போனபிறகு மிருணாளினி அக்கா என்னிடம் வந்தா. கையில் கல்லூரியின் கடித உறை. உதவித்தொகை புதுப்பிக்கப்படவில்லை. நிபந்தனை நிறைவேறவில்லை என்று குழு தீர்மானித்துவிட்டது. ஐ ஆம் சோ சொறி என்றா. அவவுடைய கண் கலங்கியிருந்தது.

எப்போது தீர்மானித்தார்கள் என்று கேட்டேன்.

“இண்டைக்குக் காலமை.”

அப்படியென்றால் போன் எடுத்தபோதே தெரியுமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா படத்தில உங்கட முகம் மாறியிருக்கும், நிரோஜன்.”

அந்த ஆண்டறிக்கை பிறகு என்னுடைய கைக்கும் வந்தது. அட்டை முழுக்க அந்தப் படம்தான். அவ சொன்னது சரி. நல்லாகத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.